"அனுமதி நிர்வாகத்தின் உரிமை" என்று பலகை மாட்டினால் யாரையும் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி இது: "எங்கள் ஊரில் ஒரு ஓட்டலில் கல்லாவுக்குப் பின்னால் 'உள்ளே அனுமதிக்கும் உரிமை நிர்வாகத்துக்கே உண்டு' என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். பொது இடங்களில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசியலமைப்பு சொல்கிறது. அப்படியென்றால் இந்தப் பலகை செல்லுமா? கிளப், கோயில், ரயிலில் பெண்கள் பெட்டி ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு எப்படி வந்தது?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். பலகைக்கென்று தனியாகச் சட்ட பலம் எதுவும் கிடையாது. குடித்துவிட்டு ரகளை செய்கிறவரை வெளியே அனுப்பும் உரிமை பலகை இல்லாத ஓட்டலுக்கும் உண்டு. சாதி பார்த்து ஒருவரைத் திருப்பி அனுப்பும் உரிமை பலகை வைத்த ஓட்டலுக்கும் கிடையாது. இரண்டாவது பாதிக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கும் எனக்கு இந்த விலக்குகளைச் சாக்காக வைத்து மக்களைத் திருப்பி அனுப்பிய கதைகள் நிறையவே வந்து சேர்கின்றன.

அடிப்படை, அரசியலமைப்பின் 15(2)-வது பிரிவு. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகிய காரணங்களால் மட்டும் எந்தக் குடிமகனையும் கடை, உணவகம், ஓட்டல், பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றுக்குள் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும், அல்லது பொதுமக்களுக்கென்று விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலைகளுக்கும் அப்படியே. அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசைப் பார்த்துப் பேசுகின்றன. இது கடைக்காரரையும் பார்த்துப் பேசுகிறது. "கடை" என்றால் எதுவரை என்ற கேள்வி 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. தேடி வருகிற எவருக்கும் சேவை தரத் தயாராக இருக்கும் இடமெல்லாம் கடைதான் என்ற பொருளில் அம்பேத்கர் விளக்கம் சொன்னார். 2011-ல் ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு, தனியார் கல்வி நிறுவனங்களும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்றது.

நம் பக்கத்தில் இது அதற்கும் முந்தைய கதை. பொதுச் சாலை, பொதுக் கிணறு எல்லோருக்கும் உரியது என்று சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். எம்.சி.ராஜா முன்னெடுத்த சமூகத் தடைகள் நீக்கச் சட்டம் 1938-ல் நிறைவேறியது. அரசியலமைப்பு எழுதப்படும் முன்பே இந்த மண்ணில் இதற்காகப் போராடிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சரி, விலக்குகளுக்கு வருவோம். முதல் ஓட்டை 15(2)-ன் சொற்களிலேயே இருக்கிறது. "மட்டும்" என்ற ஒரு சொல். மறுப்பவர் யாரும் சாதியைக் காரணமாகச் சொல்வதில்லை. "இடம் இல்லை", "ஃபேமிலி மட்டும்தான்", "டிரஸ் சரியில்லை" என்று வேறு எதையாவது சொல்வார். சாதி அல்லது மதம்தான் உண்மையான காரணம் என்று நிரூபிப்பது நம் பொறுப்பாகிவிடுகிறது. இரண்டாவது, அந்தப் பிரிவு குடிமக்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வெளிநாட்டவருக்கு அது பொருந்தாது. மூன்றாவது, அதை மீறினால் என்ன தண்டனை என்று அதில் இல்லை. தண்டனைக்குத் தனிச் சட்டம் வேண்டும். எல்லா வகைப் பாகுபாட்டுக்கும் பொதுவான ஒரு பாகுபாடு ஒழிப்புச் சட்டம் இந்தியாவில் இன்றுவரை வரவில்லை. மதத்தைக் காரணம் காட்டி லாட்ஜில் அறை மறுத்தால் 15(2) மீறப்படுகிறது. ஆனால் தீண்டாமைக்கு இருப்பதுபோல நேராகப் போலீஸில் புகார் கொடுக்க ஒரு சட்டம் இல்லை. இதை ஒரு பெரிய குறையாகவே நான் பார்க்கிறேன்.

தீண்டாமைக்கு அப்படிச் சட்டம் இருக்கிறது. 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976-ல் பெயர் மாறி, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆனது. பி.சி.ஆர். சட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும் (ஊர்ப் பக்கம் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கையும் சேர்த்தே "பி.சி.ஆர். கேஸ்" என்பார்கள், இரண்டும் வேறு). இதன் 4-வது பிரிவு ஓட்டல், கடை, சலூன், சத்திரம், ஆற்றுத்துறை, சுடுகாடு என்று விரிவாகவே சொல்கிறது. தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. இதில் 12-வது பிரிவுதான் என் கண்ணுக்கு மிகப் பெரியது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்ட வேண்டியது எதிர்த்தரப்பு. மேலே சொன்ன "மட்டும்" என்ற ஓட்டையை இந்த ஒரு பிரிவு அடைக்கிறது.

2023 மார்ச் 30-ம் தேதி சென்னையில் ஒரு தியேட்டரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நரிக்குறவர் குடும்பம் ஒன்று, சிறு பிள்ளைகளோடு, கையில் டிக்கெட்டோடு வாசலில் நிற்கிறது. டிக்கெட் பரிசோதிப்பவர் உள்ளே விட மறுக்கிறார். பக்கத்தில் நின்றவர்கள் தட்டிக் கேட்டது வீடியோவாகப் பரவியது. பிறகு அவர்களை உள்ளே விட்டார்கள். நிர்வாகம் சொன்ன காரணம், படம் யு/ஏ சான்றிதழ் பெற்றது, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அனுமதிக்க முடியாது என்பது. வயது வரம்பு சட்டம் ஒப்புக்கொள்ளும் விலக்குதான். ஏ சான்றிதழ் படத்துக்குப் பதினெட்டுக்குக் கீழே யாரையும் விடக் கூடாது. ஆனால் யு/ஏ என்பது பெற்றோருக்குச் சொல்லும் எச்சரிக்கை. பெற்றோர் கூட வந்தால் குழந்தை பார்க்கலாம். அந்தக் குழந்தைகளோ பெரியவர்களோடுதான் வந்திருந்தார்கள். அந்தத் தியேட்டரில் மற்ற குடும்பங்களின் குழந்தைகளிடம் வயதுச் சான்று கேட்டார்களா என்பதுதான் அங்கே நான் கேட்டிருக்கக் கூடிய முதல் கேள்வி. உண்மையான விலக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தும். ஒருவருக்கு மட்டும் நினைவுக்கு வருகிற விதி என்றால் அது சாக்கு.

அந்தச் சம்பவத்தில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் நரிக்குறவர் சமூகம் பட்டியல் பழங்குடியில் சேர்க்கப்பட்டிருந்தது. 12-வது பிரிவின் ஊகம் பட்டியல் சாதிக்கு மட்டும், பழங்குடிக்கு இல்லை. ஆனால் 2015-ல் திருத்தி 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இரு பிரிவினருக்கும் பொருந்தும். பொதுக் கேளிக்கை இடத்தில் நுழையவிடாமல் தடுப்பதும் அதில் குற்றம். தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை. இப்படி ஒரு புகாரை எழுதும்போது எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதில் கவனமாக இருங்கள். பாதி வழக்குகள் அங்கேதான் நொண்டியடிக்கின்றன.

அடுத்து கிளப். உறுப்பினருக்கு மட்டுமே திறந்திருக்கும் இடம் "பொது" இடமாகாது. உறுப்பினராக யாரைச் சேர்ப்பது என்பதில் சங்கம் அமைக்கும் உரிமை குறுக்கே வருகிறது. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் இடம் தரும் ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊருக்குள் எல்லாச் சாதிச் சங்கங்களும் இதே வாதத்தை எடுத்துக்கொண்டால் கடைசியில் யாருக்கு எங்கே வீடு கிடைக்கும்? ஆனாலும் இன்றைக்கு அதுதான் சட்டம்.

கிளப் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு தனிக் கதை உண்டு. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி டி.ஹரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக உள்ளே விடவில்லை. வெள்ளைக்காரன் போட்ட உடை விதியை அவன் போன பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேட்டி போன்ற நம் பாரம்பரிய உடையைக் காரணம் காட்டி கிளப், ஓட்டல், தியேட்டர், அரங்கம் எங்கேயும் அனுமதி மறுத்தால் உரிமம் ரத்தாகும். ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. இதில் ஒன்றைக் கவனியுங்கள். உடை என்பது 15(2)-ன் ஐந்து காரணங்களில் இல்லை. அதனால்தான் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அந்தச் சட்டமும் பாரம்பரிய உடையை மட்டும் காக்கிறது. செருப்பு போட்டு வந்தார், அழுக்குச் சட்டை போட்டு வந்தார் என்று கூலித் தொழிலாளியைத் திருப்பி அனுப்பினால் அந்தச் சட்டம் உதவாது. நீதிபதி ஒருவருக்கு நடந்ததால் ஒரு மாதத்தில் சட்டம் வந்தது. அந்தத் தொழிலாளிக்கு இன்னும் வரவில்லை.

"ஃபேமிலி மட்டும்" பலகையும் இந்த வகைதான். திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓட்டலில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-ல், கோவையில் ஒரு விடுதிக்குச் சீல் வைத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதாவது அறை கொடுத்ததற்காக விடுதியை அதிகாரிகள் மூட முடியாது. ஆனால் அறை கொடுக்க மாட்டேன் என்று விடுதிக்காரர் சொன்னால் அதைத் தடுக்கவும் சட்டம் இல்லை.

இனி கோயில். ஒருவரை வெளியே நிறுத்துவதற்கு எழுதிய சட்டமே இடம் தருவது இங்கேதான் அதிகம். எல்லா வகுப்பு இந்துக்களுக்கும் பொதுக் கோயில்களைத் திறந்துவிடச் சட்டம் இயற்றலாம் என்கிறது அரசியலமைப்பின் 25(2)(ஆ). மதப் பிரிவுகள் தங்கள் மத விவகாரத்தைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம் என்கிறது 26(ஆ). இரண்டும் மோதினால் எது மேலே? இந்தக் கேள்விக்குப் பதில் வந்த வழக்கு, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த தென் கன்னட மாவட்டத்து முல்கி வேங்கடரமணர் கோயில் வழக்கு. 1947-ம் ஆண்டு சென்னைக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது, இது கௌட சாரஸ்வத பிராமணர்களின் கோயில் என்று அறங்காவலர்கள் வாதிட்டார்கள். 1957 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.எல்.வெங்கடராம அய்யர். கோயில் அந்தப் பிரிவினருடையதுதான், ஆனாலும் எல்லா இந்துக்களும் நுழையும் உரிமையே மேலே நிற்கும் என்றார். சில குறிப்பிட்ட சடங்குகளின்போது மட்டும் பிறரை வெளியே நிறுத்தலாம். ஆனால் அந்த விலக்கு பொதுமக்களின் உரிமையையே விழுங்கிவிடும் அளவுக்கு வளரக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னார். விலக்குக்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. மற்ற இடங்களுக்கும் அதையே பொருத்திப் பார்க்கிறேன்.

கருவறைக்குள் அர்ச்சகர் மட்டும் போவதைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். பக்தர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நிறுத்தப்பட்டால் நுழைவுரிமை பறிபோகவில்லை. ஒரு சாதிக்காரர் அர்த்த மண்டபம் வரை போகலாம், இன்னொரு சாதிக்காரர் கொடிமரத்தோடு நிற்க வேண்டும் என்றால் அது குற்றம்.

மாற்று மதத்தவர் விஷயம் வேறு. பி.சி.ஆர். சட்டத்தின் 3-வது பிரிவை வாசித்தால், "அதே மதத்தைச் சேர்ந்த மற்றவர்களுக்குத் திறந்திருக்கும்" வழிபாட்டு இடம் என்றுதான் இருக்கும். 1947-ம் ஆண்டுச் சட்டமும் இந்துக்களின் நுழைவைப் பற்றியே பேசுகிறது. ஆகவே இந்து அல்லாதவரைக் கொடிமரத்துக்கு அப்பால் விடாத கோயில் இந்தச் சட்டங்களை மீறவில்லை. பழனிக் கோயில் வழக்கில் 2024 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அப்படிப்பட்ட அறிவிப்புப் பலகையைத் திரும்ப வைக்கச் சொன்னது. கூடவே, அந்தத் தெய்வத்தின் மேல் நம்பிக்கை இருக்கிறது, கோயில் வழக்கத்தை மதிக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் மாற்று மதத்தவரை அனுமதிக்கலாம் என்றும் சொன்னது. "அதே மதம்" என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தலித் கிறிஸ்தவரைத் தேவாலயத்தில் தனியாக உட்கார வைத்தால் அதுவும் இந்தப் பிரிவுக்குள் வரும். ஆனால் அவர் பட்டியல் சாதியாகக் கணக்கில் வராததால் 12-வது பிரிவின் ஊகம் அவருக்குக் கிடைக்காது. நிரூபிக்கும் சுமை முழுதும் அவர் தலையில். எவ்வளவு அநியாயம் பாருங்கள்.

ஊர்களில் அதிகம் கேட்கிற வாதம் "இது எங்க சொந்தக் கோயில், தனியார் கோயில்" என்பது. பி.சி.ஆர். சட்டம் இதற்கு முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருக்கிறது. தனியாருக்குச் சொந்தமாக இருந்தாலும், பொதுமக்கள் வழிபட உரிமையாளர் அனுமதித்தால் அது பொது வழிபாட்டு இடம்தான். அப்புறம் பட்டா யார் பெயரில் என்ற பேச்சுக்கே இடமில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் தலித் மக்களை விடாத தகராறு முற்றி 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அவர்கள் உள்ளே போய்ச் சாமி கும்பிட 2025 ஏப்ரல் ஆனது. சட்டத்தில் ஒரு சந்தேகமும் இல்லாத விஷயத்துக்கு இத்தனை காலம்.

பெண்கள் நுழைவில் சட்டம் இன்னும் முடிவுக்கு வரவில்லை. சபரிமலையில் பத்து முதல் ஐம்பது வயதுப் பெண்களுக்கு இருந்த தடையை 2018 செப்டம்பரில் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2019 நவம்பரில் சீராய்வு மனுக்களை விசாரித்தபோது அதில் எழும் பெரிய கேள்விகளை இன்னும் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

ரயிலில் பெண்கள் பெட்டி, பேருந்தில் பெண்கள் இருக்கை இவற்றுக்கு அடிப்படை 15(3). பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம். பெண்கள் பெட்டியில் ஏறும் ஆணுக்கு ரயில்வே சட்டத்தில் அபராதம் உண்டு. ஆணுக்கு ரயிலே மறுக்கப்படவில்லை, ஒரு பெட்டி மட்டும்தான். முல்கி அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் இது எளிதாகத் தேறும்.

மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் (2016) விலக்கு வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. நியாயமான நோக்கத்துக்கு, அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவில் மட்டும் வேறுபடுத்தினால் பாகுபாடு ஆகாது. "பாதுகாப்புக்காகத்தான்" என்று சொல்லி எல்லோரும் இதற்குள் ஓடி ஒளியப் பார்ப்பார்கள். 2012-ல் மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் என்ற செயற்பாட்டாளரை, இருக்கையில் உட்கார்ந்த பிறகு ஒரு விமான நிறுவனம் இறக்கிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2016-ல் பத்து லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. திருநங்கை, திருநம்பியரைப் பொது இடத்தில் மறுப்பது 2019-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை தண்டனை.

இனி என்னிடம் வந்த ஒரு விஷயம். ஒரு சமுதாய அறக்கட்டளையின் கல்யாண மண்டபம். மகளுக்குத் தேதி குறித்துக்கொண்டு ஒரு அப்பா முன்பதிவு செய்யப் போகிறார். மேனேஜர் பதிவேட்டை விரிக்கிறார். அந்தத் தேதிக்கு நேரே கட்டம் காலியாக இருப்பது இவருக்கே தெரிகிறது. பெயர் எழுதப் பேனாவை எடுத்தவர், "எந்தத் தெரு?" என்று கேட்கிறார். பதில் வந்ததும் பேனாவை மூடி, பதிவேட்டையும் மூடிவிட்டு, "அன்னைக்கு ஏற்கெனவே புக் ஆயிடுச்சுங்க" என்கிறார். மறுநாள் வேறு தெருவில் இருக்கும் அவருடைய அலுவலக நண்பர் போன் செய்து கேட்டார். அதே தேதி காலியாக இருந்தது.

நோட்டீஸ் அனுப்பினோம். "எங்கள் சமூகத்தாருக்கு மட்டும் கட்டிய மண்டபம்" என்று பதில் வந்தது. கிளப் விலக்கை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் அதே மண்டபத்தில் ஆடி மாதம் துணி விற்பனை நடந்திருந்தது. ஒரு வங்கியின் கடன் முகாம் நடந்திருந்தது. நோட்டீஸ் ஒட்டி, வாடகை வாங்கி, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து போன இடம். சமூகத்துக்கு மட்டும் என்று ஒரு இடத்தை உண்மையிலேயே மூடி வைத்திருந்தால் வாதிட ஏதாவது இருந்திருக்கும். காசு வருகிற நாளில் பொது, கல்யாண நாளில் தனியார் என்று இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று இரண்டாவது நோட்டீஸில் எழுதினேன், துணி விற்பனை விளம்பரத் தாளின் நகலையும் சேர்த்து. வழக்கு வரை போகவில்லை. அந்தத் தேதியிலேயே அந்த மண்டபத்தில் கல்யாணம் நடந்தது.

உங்கள் ஊர் ஓட்டலுக்கு வருகிறேன். பலகையைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். அதைக் காட்டி யாரையாவது திருப்பி அனுப்பினால், என்ன காரணம் என்று கேளுங்கள். முடிந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்கள். அப்போது நேரத்தையும், சொன்ன வார்த்தையையும், பக்கத்தில் இருந்தவர் பெயரையும் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் வேறு யாரை உள்ளே விட்டார்கள் என்று பாருங்கள். டிக்கெட், முன்பணம் கட்டிய ரசீது, போனில் வந்த முன்பதிவுச் செய்தி எதையும் அழிக்காதீர்கள். பணம் கட்டிய பிறகு மறுத்திருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தீண்டாமை என்றால் காவல் நிலையத்தில் புகார் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.